சிறைப்புறம்: தொலைக்காட்சித் தொடரும் தமிழ் இல்லமும்

தொலைக்காட்சித் தொடர்களைக் குறித்துத் தமிழில் எழுதப்பெறும் திறனாய்வுகள் பெரும்பாலும் ஒரே முடிபினையே எய்துகின்றன. தொடர்கள் அளவிறந்து நீள்வன. கூறியது கூறல் என்னும் குற்றமுடையன. அழுகையொன்றனையே சுவையாகக் கொண்டன. குடும்பத்தின் கட்டுக்கோப்பைக் குலைப்பன என்பதே அம்முடிபு. இந்நான்கனுள் முன்னைய மூன்றும் பனுவலைப் பற்றியன; இறுதியது வாழ்க்கையைப் பற்றியது. இவற்றை ஒரே மூச்சிற் கூறுவார், அப்பனுவல் வீட்டின் எப்பகுதியில், எவரால், எத்தொழிலுக்கு இடையே கேட்கப்பெற்றது என வினவுவதில்லை. அவ்வினாவை விடுத்துச் செய்யப்படும் மதிப்பீடு தொடர்களுக்கு மட்டுமன்றி, அவற்றைக் கேட்டுவந்த மகளிர்க்கும் இழைக்கும் அநீதியாகும் என்பது நம் கருத்து.

களனும் கேட்போரும் இலக்கியத்திற்குப் புறம்பான செய்திகள் அல்ல. தொல்காப்பியர் செய்யுளியலில் எண்ணிய 34 உறுப்புக்களுள் 'கேட்போர்' என்பதும் 'களன்' என்பதும் தனித்தனி உறுப்புக்களாக வைக்கப்பெற்றுள்ளன. ஆண்டுக் கேட்போர் என்றது பாட்டினுள் நின்று கேட்கும் தலைவி, பாங்கன் முதலியோரையேயன்றிப் பாட்டைப் படிப்போரை அன்று. ஆயினும், ஒரு கூற்று எவர் செவிக்கு, எவ்விடத்தில் கூறப்படுகின்றது என்பதனை அறியாது அதன் பொருளைத் துணிதல் இயலாது என்னும் கொள்கை அப்பகுப்பில் அடங்கிக் கிடக்கின்றது. அதனைத் தொடருக்கும் பொருத்திக் காண்பதில் தவறில்லை.

முதற்கண் இல்லத்தைக் காண்போம். தொலைக்காட்சிப் பெட்டி வந்த பின்னர், குடும்பத்தார் ஒருங்கிருந்து அளவளாவும் வழக்கம் ஒழிந்தது என்பார் பலர். எக்காலத்து எவ்வில்லத்தை மனத்திற்கொண்டு அங்ஙனம் கூறுகின்றனர் என்று ஆராய்தல் வேண்டும். நிலமும் பொருளும் உடையார் கட்டிய பழைய வீட்டில் திண்ணை, நடை, கூடம், முற்றம், அடுக்களை, கொல்லை என இடங்கள் வகுக்கப்பெற்றிருந்தன. மாலைப்பொழுதில் ஆடவர் திண்ணையில் இருப்பர். மகளிர் அடுக்களையிலும் கிணற்றடியிலும் இருப்பர். சிறுவர் தெருவில் இருப்பர். உணவும் ஆடவர்க்கு முன்னும் மகளிர்க்குப் பின்னுமாகவே பரிமாறப்பெற்றது. மாமனார் அமர்ந்திருக்கும் இடத்தில் புது மருமகள் அமரும் வழக்கமே பல குடிகளில் இல்லை. ஓரறைக் குடிசையில் வாழ்ந்தார்க்கோ திண்ணையும் இல்லை, கூடமும் இல்லை. அவர்தம் மாலைப்பொழுது தெருவிலேயே கழிந்தது. ஆகவே, மூன்று தலைமுறையினரும் ஆண் பெண் வேறுபாடின்றி ஓரறையில், ஒரே பொழுதில், ஒரு பொருளை நோக்கி அமர்ந்திருந்த காட்சி பழந்தமிழ் இல்லத்துக் காட்சி அன்று. அக்காட்சியை முதன்முதல் உண்டாக்கியது தொலைக்காட்சிப் பெட்டியே ஆகும். ஒழித்ததாகக் குற்றஞ்சாட்டப்பெறுவதும் அப்பெட்டியே என்பது வியப்புக்குரியது.

அதற்கு முன்னர், கதை இல்லத்துள் புகுந்த வழி வார இதழ். கல்கியின் பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை இதழில் தொடராக வந்தபொழுது, வீட்டிற்கு வந்த படி ஒன்றே, படிப்போர் பலர். முறைவைத்துப் படித்தனர், சிலவிடத்து எழுத்தறிந்த ஒருவர் உரக்கப் படிக்க, காய் நறுக்குவாரும் நெல் புடைப்பாரும் கேட்டனர். கைத்தொழிலினூடே கதை கேட்கும் இவ்வழக்கத்தைப் பின்னர் நாம் மீண்டும் சந்திக்க இருக்கின்றோம்.

இந்தியாவில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1959 செப்டம்பர் 15 அன்று தில்லியில் தொடங்கப்பெற்றது. சென்னை நிலையம் 1975 ஆகஸ்டு 15 அன்று தொடங்கப்பெற்றது. ஓர் அலைவரிசை, மாலையில் சில மணி நேரமே நிகழ்ச்சி. பெட்டியின் விலை நடுத்தரக் குடும்பத்தார்க்கு எளிதில் எட்டுவதன்று. சாலிடேர், டயனோரா முதலிய பெயர்களோடு சென்னையிலேயே செய்யப்பெற்ற பெட்டிகள் பல வீடுகளுக்கு வந்தன. மரப்பேழையினுள் வைக்கப்பெற்று, இருபுறமும் இழுத்து மூடும் கதவுகளோடு கூடிய பெட்டிகளைக் கண்டோர் இன்றும் உளர். நிகழ்ச்சி முடிந்தபின் கதவை மூடி, மேலே கைவேலை செய்த துணியொன்றை விரித்து வைப்பது வழக்கம். வானொலிப் பெட்டிக்குப் போன்றே இதற்கும் உரிமக் கட்டணம் செலுத்தும் முறை 1980களின் இடைப்பகுதி வரை இருந்தது. கதவும் துணியும் உரிமமும் உடைய இப்பொருள், அறைகலன் என்பதினும் வீட்டிற்கு வந்த விருந்து என்று கூறத்தக்கதாகவே முதற்கண் இருந்தது. விருந்து கூடத்தில்தான் அமரும். ஆகவே பெட்டியும் கூடத்தில் அமர்ந்தது; அதனைக் காணும்பொருட்டு அடுக்களையில் இருந்தாரும் திண்ணையில் இருந்தாரும் கூடத்திற்கு வந்தனர்.

வந்தவர் அவ்வீட்டார் மட்டும் அல்லர். வெள்ளிக்கிழமை மாலை 'ஒளியும் ஒலியும்' என்னும் திரைப்பாடல் நிகழ்ச்சிக்கும், ஞாயிறு மாலைத் திரைப்படத்திற்கும் தெருவே திரண்டு வந்தது. இக்கூட்டத்தை இனிய நினைவாகவே பலரும் எழுதுகின்றனர். நாம் அதனை மறுக்கவில்லை. ஆயின் அக்கூட்டத்தில் எவர் எங்கே இருந்தனர் என்பதனையும் நோக்குதல் தகும். வீட்டுத் தலைவர் நாற்காலியில், உறவினர் பாயில், அண்டை வீட்டுச் சிறுவர் வெறுந்தரையில், வாயிற்படியைக் கடக்கும் உரிமை இல்லாதார் சன்னலுக்கு வெளியில். சாதியும் செல்வமும் வகுத்த அவ்வரிசையைப் பெட்டி அழிக்கவில்லை; ஒரே அறையைச் சூழ அவ்வரிசையை வெளிப்படக் காட்டிற்று. சன்னற் கம்பியைப் பற்றி நின்று படம் பார்த்த சிறுவனும் சிறுமியும் 'கூடியிருந்து கண்ட பொற்காலம்' என்னும் தொடரை எங்ஙனம் பொருள்கொள்வர் என்பது எண்ணத்தக்கது.

1982 இல் வண்ண ஒளிபரப்பும் நாடு முழுமைக்குமான பொது நிகழ்ச்சியும் வந்தன. அப்பொது நிகழ்ச்சி பெரும்பாலும் இந்தியில் அமைந்தமையால், தமிழ் இல்லங்களில் இரவு நேரத்தின் ஒரு பகுதி பொருள் விளங்காக் காட்சியாயிற்று. இலங்கையின் ரூபவாகினி அதே ஆண்டில் தொடங்கப்பெற்ற பின், தமிழகக் கடலோர ஊர்களில் ஆன்டெனாவை உயர்ந்த கம்பத்தில் ஏற்றித் தென்கிழக்கே திருப்பி அதனைப் பெற்றாரும் இருந்தனர். 1987 தொடங்கி ஞாயிறு காலையில் இராமாயணமும், 1988 முதல் 1990 வரை மகாபாரதமும் இந்தியில் ஒளிபரப்பப்பெற்றபொழுது, கதையறிந்த பாட்டி, மொழியறியாமலே பேரனுக்குப் பொருள் கூறிய வீடுகள் பல. செவிக்கு வேலையில்லை, கண்ணுக்கே வேலை. அக்காலத்துச் சென்னை நிலையத்தின் தமிழ் நாடகத் தொடர்களும் வாரம் ஒன்றாகப் பதின்மூன்று வாரம் என்னும் அளவில் அமைந்தன. அவை அமர்ந்து காண்பார்க்கென எழுதப்பெற்றவை. காட்சிக்குக் காட்சி கதை நகரும். முன்னிகழ்ந்தது மீண்டும் கூறப்படாது. காண்போர் வேறு தொழிலின்றிக் கூடத்தில் அமர்ந்திருந்தனர் என்பதே அவ்வடிவிற்குக் காரணம்.

கூடியிருத்தல் பற்றாக்குறையின் பயன் என்பது இதனால் தெளிவாகும். ஒரு தெருவிற்கு ஒரு பெட்டி, ஒரு பெட்டிக்கு ஓர் அலைவரிசை, ஓர் அலைவரிசைக்குச் சில மணி நேரம் என்னும் மூன்று குறைகளும் சேர்ந்தே அவ்வொற்றுமையை ஆக்கின. அஃது ஏறத்தாழ இருபதாண்டுகளே நிலைத்தது. தமிழ்க் குடும்பத்தின் நீண்ட வரலாற்றில் இருபதாண்டு மிகச் சிறிய காலம். அதனைத் தொன்றுதொட்ட மரபாகக் கொண்டு, அதன் மறைவை மரபின் அழிவாகக் கூறுதல் பொருந்தாது.

1993 ஏப்ரல் 14 அன்று சன் தொலைக்காட்சி தொடங்கப்பெற்றது. கேபிள் கம்பி தெருத்தெருவாய்ச் சென்றது. நாள்தோறும் வரும் தொடர் சில ஆண்டுகளில் வேரூன்றியது. 1999 இல் தொடங்கிய 'சித்தி' அதன் வலிமையை யாவர்க்கும் உணர்த்திற்று. மாலை தொடங்கி இரவு பத்து மணியளவும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்கள் வந்தன. இஃது இரவுச் சமையலும் பரிமாறுதலும் பாத்திரம் துலக்குதலும் நிகழும் பொழுது என்பது நினைவில் இருத்தல் வேண்டும். வாரத்தில் ஒருநாள் அடுக்களையை விட்டு வந்து கூடத்தில் அமரலாம். நாள்தோறும் அமர்தல் எந்த இல்லத்தலைவிக்கும் இயலாது. ஆகவே பெட்டி கூடத்திலேயே இருக்க, கேட்போர் அடுக்களைக்குத் திரும்பினார். தொடரின் வடிவம் மாறியது இங்கேதான்.

அகப்பாட்டில் 'சிறைப்புறம்' என்பதொரு நிலை உண்டு. தலைவன் வேலிப்புறத்தே மறைந்து நிற்பான். தோழி தலைவியிடம் பேசுவாள். ஆயின் அச்சொல் தலைவன் செவிக்கே உரியது. தாய் ஐயுற்றாள் என்பதும், காவல் மிகுந்தது என்பதும், ஊர் அலர் தூற்றுகின்றது என்பதும் தலைவி அறியாதன அல்ல. அறிந்தாளிடமே அறிந்தவற்றைக் கூறுவது, காணாது நிற்பான் ஒருவன் கேட்டு வரைவு கடாவப்படுதற்பொருட்டு. இதனைக் கூறியது கூறல் என எவ்வுரையாசிரியரும் குற்றம் சாட்டியதில்லை, நயமென்றே பாராட்டினர்.

தொடரைக் கேட்கும் இல்லத்தலைவியும் சிறைப்புறத்தாளே. தோசைக்கல்லின் முன் நிற்கும் அவளுக்கும் பெட்டிக்கும் இடையே ஒரு சுவர் உண்டு. அவள் காண்பதில்லை, கேட்கின்றாள். எனவே தொடரில் வரும் மாந்தர் ஒருவரையொருவர் பெயராலும் முறையாலும் ஓயாது விளித்தல் வேண்டும். கண்முன் நிற்பாரை 'அண்ணி' என்றும் 'மாமா' என்றும் வாக்கியந்தோறும் அழைப்பது காண்பார்க்கு மிகை, கேட்பார்க்கு இன்றியமையாதது. தங்கை வீட்டை விட்டுச் சென்ற செய்தியைத் தமக்கையும் அறிவாள், தாயும் அறிவாள். எனினும் இருவரும் அதனை ஒருவர்க்கொருவர் முழுதும் எடுத்துரைப்பர். கொத்தமல்லி வாங்கக் கடைக்குச் சென்று வந்தவள் இழந்ததைப் பெறுவது அவ்வுரையாடலால்தான். இசையும் இத்தொழிலையே செய்கின்றது. தீயோர் வரும்பொழுது ஓரிசை, துயரத்திற்கு ஓரிசை, அதிர்ச்சிக்கு ஓரிடி. அவ்விடியோசை கேட்டுக் கரண்டியோடு வாயிற்படிவரை வந்து ஒரு கணம் நோக்கித் திரும்புவாள். அவள் வந்து சேர்தற்பொருட்டே ஒரு முகம் திரையில் மும்முறை காட்டப்பெறுகின்றது. மும்முறை காட்டுதலை எள்ளி நகையாடும் திறனாய்வாளர் பெரும்பாலும் நாற்காலியில் அமர்ந்திருப்பவர்.

தொடர்களின் பெயர்களும் நோக்கற்பாலன. சித்தி, அண்ணி என்பன முறைப்பெயர்கள். அடுக்களைக்குள் நாள்தோறும் ஒலிப்பன. மெட்டி ஒலி என்பது காட்சியைச் சுட்டாது ஓசையைச் சுட்டிய பெயர். வீட்டினுள் ஒரு பெண் வருவதைக் காணாமலே அறிதற்குரிய ஓசை அது. செவிக்குரிய கலையொன்று தன் இயல்பைத் தன் பெயரிலேயே கூறிக்கொண்டது எனலாம். பெயரிட்டார் இதனைக் கருதினாரோ இல்லையோ, பெயர் பொருந்திற்று.

இங்ஙனம் கூறுதலால் தொடர்கள் யாவும் நயமுடையன என்று நாம் வாதிடுவதாகக் கொள்ளற்க. சிறைப்புறப் பாட்டில் மிகையாகிய சொல் ஒன்றும் இராது. உள்ளுறையும் இறைச்சியும் சில அடிகளில் பல பொருள் தரும். தொடரிலோ விளம்பர இடைவேளை மீள்கூற்றின் அளவை நிருணயிக்கின்றது. கேட்போர்க்காகத் தோன்றிய உத்தி வணிகர்க்காக நீட்டப்பெறும்பொழுது அது குற்றமே. எது எதுவெனப் பகுத்துக் கூறுதலே திறனாய்வின் கடமை. இருவேறு தொடர்களைக் கொண்டு இதனை விளக்கலாம்.

திருமுருகன் இயக்கத்தில் 2002 முதல் 2005 வரை வந்த 'மெட்டி ஒலி' மனைவியை இழந்த தந்தை ஒருவரையும் அவர்தம் ஐந்து மகளிரையும் பற்றியது. மகளிர் மணமாகி வெவ்வேறு புக்ககம் செல்ல, கதை பல வீடுகளுக்குப் பரவுகின்றது. ஒரு வீட்டில் நிகழ்ந்த பூசல் மற்றொரு வீட்டிற் கூறப்படுகின்றது. மீண்டும் பிறிதொரு வீட்டில். இது மீள்கூற்றே, ஆயின் வீணன்று. மாமியார் கேட்கும்பொழுது அச்செய்தி பழிக்கும் படைக்கலம். தமக்கை கேட்கும்பொழுது அச்சம். தந்தை கேட்கும்பொழுது தாங்கவொண்ணாப் பாரம். செய்தி ஒன்றே, கேட்போர் மாறப் பொருள் மாறுகின்றது. தொல்காப்பியர் கேட்போரைத் தனியுறுப்பாக வைத்ததன் காரணத்தை முதுகலை மாணவர்க்கு விளக்க இதனினும் எளிய எடுத்துக்காட்டு கிடைத்தல் அரிது.

திருச்செல்வம் இயக்கத்தில் 2003 முதல் 2009 வரை 1500க்கும் மேற்பட்ட பகுதிகளாக வந்த 'கோலங்கள்' வேறு வகையானது. தந்தை பிறிதொரு குடும்பம் கொண்டு பிரிந்த வீட்டில், தாயையும் உடன்பிறந்தாரையும் தாங்கும் அபி என்னும் மூத்த மகளின் கதை அது. கட்டடத் தொழிலில் தலைமை ஏற்கும் பெண்ணொருத்தியை நாள்தோறும் இல்லங்களுக்குள் கொணர்ந்தது அதன் சிறப்பு. உழைத்து ஈட்டும் மகளின் ஊதியத்தில் உண்டுகொண்டே அவளைக் குறைகூறும் குடும்பத்தை அது காட்டிய முற்பகுதி, அதே நிலையில் இருந்த பல மகளிர்க்குத் தம் வாழ்க்கையைப் பிறர் வாய்ச்சொல்லாகக் கேட்கும் வாய்ப்பை அளித்தது. பிற்பகுதியில் ஆதி என்பானோடு நிகழும் பகையும் சூழ்ச்சியுமே கதையை விழுங்கின. அங்கும் செய்திகள் மீளக் கூறப்பெற்றன. ஆயின் கேட்போர் மாறியும் பொருள் மாறவில்லை. அவ்விடத்து மீள்கூற்று குற்றம் என்பதில் நமக்கு ஐயமில்லை.

இத்தொடர்களில் காட்டப்பெறும் வீட்டைப் பற்றிய ஒரு செய்தி பலராலும் நோக்கப்பெறாதது. தொடர் வீட்டில் அகன்ற கூடம் உண்டு, சோபா உண்டு, மாடிப்படி உண்டு, பூசையறை உண்டு. தாத்தா முதல் பேரன் வரை அனைவரும் அக்கூடத்தில் நின்று ஒருவரையொருவர் நோக்கிப் பேசுகின்றனர். ஆயின் அக்கூடத்தில் தொலைக்காட்சிப் பெட்டி இயங்குவது அரிது. இயங்கினும் கதைக்கு வேண்டிய செய்தியொன்றைக் கூறுதற்கே இயங்கும். மாலைதோறும் தொடர் பார்க்கும் குடும்பத்தைத் தொடர் காட்டுவதில்லை. அஃதாவது, பெட்டி புகாத கூடமொன்றைப் பெட்டியின் வாயிலாகக் கண்டு வருகின்றோம். அடுக்களையும் அவ்வீட்டில் சிறிதாகவே தோன்றும். மகளிர் பட்டுடுத்துக் கூடத்திலேயே நிற்பர். சிறைப்புறத்தில் நிற்பாள் தன்னைக் கூடத்தின் நடுவில் நிற்பவளாகக் கேட்கின்றாள். தொடர் தரும் இன்பத்தின் ஊற்று இதுவெனக் கொள்ளுதல் பொருந்தும். அழுகைச் சுவை என்று ஒரு சொல்லால் ஒதுக்கும் ஆய்வுகள் இதனைக் காணத் தவறின.

2006 ஆம் ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலுக்குப் பின் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தை நடைமுறைப்படுத்தியது. 2011 வரை ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள் வழங்கப்பெற்றன. திட்டத்தின் அரசியலையும் பொருளியலையும் ஆராய்தல் நம் துறை அன்று. இல்லத்தின் அளவில் நிகழ்ந்தது யாதெனின், சன்னலுக்கு வெளியில் நின்றாரின் மக்கள் தம் வீட்டிலேயே அமர்ந்து காணலாயினர். இலவசம் என்று இகழ்வோர் பலர் சன்னலுக்கு உட்புறம் இருந்தவர் என்பது ஓர் இடைக்குறிப்பு. இப்பெட்டி சென்று சேர்ந்த வீடுகள் பலவற்றில் கூடம் வேறு அடுக்களை வேறு என்னும் பகுப்பு இல்லை. அங்கே அடுப்பும் பெட்டியும் ஓரறையில் அமைந்தன. பள்ளிப் பிள்ளையின் பாடமும் அதே அறையில்தான். சிறைப்புறம் என்பதே இல்லாத அவ்வீட்டில் ஒலியைக் குறைத்தல் யார் பொருட்டு, கூட்டுதல் யார் பொருட்டு என்னும் பூசல் புதிதாகத் தோன்றிற்று. தொடரின் வடிவம் இவ்வீட்டை எண்ணி அமைக்கப்பெற்றதன்று. தொடரினுள் இடம்பெறும் வீடும் இதனை ஒத்ததன்று. இப்பொருத்தமின்மையை விரிவாக ஆராய்ந்து எழுதுவார் இனித் தோன்றுதல் வேண்டும்; பார்ப்போர் எத்துணைப் பேர் எனக் கணக்கெடுக்கும் வினாநிரல் ஆய்வுகள் இதற்குப் போதா.

பெட்டிகள் மலிந்தபின் படுக்கையறைக்கு ஒன்றாகப் பல வீடுகளில் அவை பிரிந்து சென்றன. தந்தைக்குச் செய்தி, பிள்ளைக்கு மட்டைப்பந்து, தாய்க்குத் தொடர் என அலைவரிசைகளும் பிரிந்தன. ரிமோட் எவர் கையில் என்னும் பழம்பூசல் தணிந்தது. பூசலிட்டாரும் ஒருவரையொருவர் காணாதாராயினர். பின்னர்க் கைப்பேசி வந்தது. கூடத்துப் பெட்டி சுவரில் மெல்லிய பலகையாய் ஒட்டிக்கொள்ள, கதவும் துணியும் இன்றி, பார்ப்பாரும் இன்றி ஓடிக்கொண்டிருக்கும் வீடுகளை இன்று காண்கின்றோம்.

தொடர் மட்டும் அடுக்களையை விடவில்லை. இன்று பல இல்லத்தலைவியர் கைப்பேசியை மசாலாப் பெட்டியின்மேற் சாய்த்து வைத்துத் தொடர் பார்க்கின்றனர். சுவர் இடையில் இல்லை. முகம் ஒரு முழத் தொலைவில் உள்ளது. தவறவிட்டதைப் பின்னோக்கி இழுத்துக் காணவும் கூடும். சிறைப்புறத்திற்கென எழுந்த உத்திகள் எவையும் இனி வேண்டப்படா எனக் கருதலாம். எனினும் அண்ணியை அண்ணி என்று வாக்கியந்தோறும் விளித்தலும், அறிந்ததை அறிந்தார்க்கே உரைத்தலும், அதிர்ச்சிக்கு இடியொலித்தலும் இன்றுவரை மாறவில்லை. அவள் கண் கைப்பேசியில் இல்லாது, அடுப்பிலேயே இருப்பது அதற்குக் காரணமாகலாம்.